சாட்சியைப் பேச விடுங்கள்

கேள்வி: வக்கீலாகி ஒரு வருடம்தான் ஆகிறது. சாலை விபத்து வழக்கு ஒன்றில், நேரில் பார்த்த எங்கள் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்தேன். 'சிவப்பு கார் வேகமாக வந்து மோதியதைப் பார்த்தீர்கள், இல்லையா?' என்றதுமே எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. பதறிப்போய் 'சரி, நடந்ததைச் சொல்லுங்கள்' என்றேன், அவர் முன்னுக்குப் பின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். எங்கே தவறினேன்?

பதில்: இரண்டு இடத்திலும்தான். உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, சாட்சிக்கு மிச்சம் 'ஆமாம்' மட்டுமே. எதிர்த்தரப்புச் சாட்சியை நாம் கேட்கும் குறுக்கு விசாரணையில் இப்படிக் கேட்கலாம், நம் பக்கச் சாட்சியிடம் கூடாது. பெயர், தொழில் மாதிரி சர்ச்சையில்லாத விஷயங்களில் விட்டுவிடுவார்கள், சாட்சி பிறழ்ந்துவிட்டால், அதாவது நமக்கே எதிராகப் பேச ஆரம்பித்தால், நீதிமன்ற அனுமதியோடு கேட்கலாம். ஆட்சேபணையைக்கூட விடுங்கள், வெறும் 'ஆமாம்' சொன்ன சாட்சியை நீதிபதி எதை வைத்து நம்புவார்? கண்ணால் பார்த்தவர் அவர், பேசுவது நீங்களா?

அதற்காக மொத்தமாக அவிழ்த்து விட்டாலும் கஷ்டம்தான். முதலில் இடத்தைக் காட்டவையுங்கள்: எங்கே நின்றிருந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், வெளிச்சம் எப்படி, நடுவில் ஏதாவது மறைத்ததா. இதெல்லாம் நீதிபதியின் கண்முன் வந்த பிறகுதான் கார் வர வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். அப்புறம், கையிலிருக்கும் தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், ஏனென்றால் அடுத்த கேள்வி அவர் பதிலுக்குள்தான் இருக்கும். "'கிறீச்'சென்று சத்தம் கேட்டது என்றீர்களே, அப்போது கார் எங்கே இருந்தது?" இப்படி அவர் சொல்லையே பிடித்துக்கொண்டு போனால் கதை தானாக வரிசைக்கு வரும்.

இன்னொன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சாட்சி கையை நீட்டி 'இங்கேயிருந்து அந்தக் கதவு வரைக்கும் இருக்கும்' என்பார். அறையில் இருப்பவர்களுக்குப் புரியும், ஆனால் பதிவில் ஏறுவது 'அந்தக் கதவு' மட்டும். நாளைக்கு மேல்முறையீட்டில் படிப்பவருக்கு எந்தக் கதவு, எவ்வளவு தூரம்? அங்கேயே நிறுத்தி 'எத்தனை அடி இருக்கும்?' என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாதகமான விஷயம் இருந்தால் அதையும் நீங்களே கேளுங்கள். கண்ணாடி போடுகிறவர் அன்று போடவில்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால், மறைத்தது போல ஆகிவிடும்.

கேள்வி: சாட்சியை முன்கூட்டியே தயார் செய்வது தவறா?

பதில்: நீதிமன்றத்தில் யார் எங்கே உட்காருவார்கள், எந்த வரிசையில் கேள்வி வரும் என்று விளக்குவதில் தவறில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் தவறு, அது சாட்சியே இல்லை. மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தாலும் தடுமாறுவார், எதிர்த்தரப்பு வக்கீல் அதற்காகவே காத்திருப்பார். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே சொல்லலாம் என்பதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள், எது கேட்டாலும் ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பயத்தோடுதான் பலர் கூண்டேறுகிறார்கள்.