நர்சம்மா என் வீட்டுக்கு வரமாட்டாரா?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 61 வயது. வியாசர்பாடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஏற்றுமதித் துணி கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் தையல் வேலை பார்த்தவள். வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன், ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு சுகரும் பிரஷரும் உண்டு. பக்கத்திலிருக்கும் மாநகராட்சி சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறேன். அங்கே ஒரு சிஸ்டர் இருக்கிறார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். முதல் தடவை பிரஷர் பார்க்கப் போனபோது, "வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். என்னை உட்காரச் சொல்லி ஒருத்தர் காத்திருந்தது எனக்குப் புதிது. அடுத்த முறை போனபோது, "ஓசூர்ல பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். கையில் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பார். இடது கையால் எழுதுவார். ஒருமுறை சுகர் குறைந்திருந்தது என்று "சூப்பர்மா!" என்று என் கையைத் தட்டினார். அன்றைக்கு ராத்திரி வீடு வெறிச்சென்று தெரியவில்லை.

அப்புறம் நான் வாரா வாரம் போக ஆரம்பித்தேன், பிரஷர் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டு. ஒருநாள் வஞ்சிரம் குழம்பு வைத்து டிபன் கேரியரில் கொண்டு போனேன். "இங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீடு எங்கே என்று கேட்டேன். "பெரம்பூர் பக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வரும் வழியெல்லாம் அழுதேன்.

இப்போது மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை கொண்டு வரும் பெண் ஒருத்தி மாதாமாதம் வருகிறாள். "இனிமே மாத்திரைக்காக நீங்க அலைய வேணாம்" என்கிறாள். மற்றவர்களுக்கு அது சௌகரியம். எனக்குக் கதவைச் சாத்திய மாதிரி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் வெறும் கஞ்சித் தண்ணீர்தான் குடிப்பேன். மாத்திரையை மட்டும் விடமாட்டேன். நம்பர் நன்றாக வந்தால் சிஸ்டர் சந்தோஷப்படுவார். போன தடவை அன்று காலையில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டரைப் பார்க்கப் போகிற படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு நூறு பேரு, அதுல நீ ஒருத்தி" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. சிஸ்டர் என்னிடம் காட்டும் அன்பு வெறும் வேலைதானா? அவரோடு நான் பழகுவதற்கு வழியே இல்லையா?

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகி

*

அன்புள்ள அம்மாவுக்கு,

சிஸ்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கை நடுக்கத்தைப் பேசிவிட வேண்டும். அதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சேர்ந்திருந்தால், அது உடம்பை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு அதைப் போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது?

மறுபடி அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பட்டினி கிடந்து வரவழைக்கும் நம்பர் அன்றைக்கு மட்டும்தான் நிற்கும். மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனை இருக்கிறது, எச்பிஏ1சி என்பார்கள். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் ஒட்டியிருக்கும். இரண்டு நாள் கஞ்சியால் அதை மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பொய் நம்பரைப் பார்த்துத்தான் மருத்துவர் உங்கள் மாத்திரையின் அளவை முடிவு செய்வார் என்பது.

சரி, சிஸ்டருக்கு வருவோம்.

வேலையா அன்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான் அம்மா. பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வைப்பது சரியான முறை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், அது உங்களுக்குப் பாசமாக வந்து சேர்ந்தது. ஆனால் ஓசூரில் இருக்கும் பேரனைப் பற்றி எந்த ஓபி சீட்டிலும் எழுதியிருக்காது. அதை அவராகத்தான் நினைவில் வைத்திருந்தார். நூறு பேரைப் பார்க்கும் நாளில் உங்கள் பேரனும் அவர் மனதில் இருந்தான் என்றால் அதை நம்பலாம். பக்கத்து வீட்டு அம்மா சொல்வது பாதிதான் சரி.

குழம்பு விஷயத்தில் உங்கள் வலி புரிகிறது. நாலு பேர் முன்னால் கொடுத்தது திரும்பி வந்தால் யாருக்கும் முகம் வாடும். என்னைப் பார்க்க வருகிறவர்களும் சில சமயம் பழம், பலகாரம் எல்லாம் கொண்டு வருவார்கள். வாங்க மாட்டேன். திருப்பி அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியாக இருக்காது. ஆனால் ஒருவரிடம் வாங்கினால், ஒன்றுமே கொண்டுவர முடியாத அடுத்தவர் என்ன நினைப்பார்? தன்னைச் சரியாகப் பார்ப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம் வரும். உங்கள் சிஸ்டர் ஒதுக்கியது குழம்பைத்தான், உங்களை இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டு விலாசம் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பிடித்துப்போன எல்லோரும் வாசலுக்கு வர ஆரம்பித்தால் அந்தப் பெண்ணுக்கு வீடு என்று ஒன்று இருக்காது. அவர் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் வேறு நிலையத்துக்கு மாற்றலாகியும் போகலாம். இதை இப்போதே சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நிலையத்துக்குள்ளேயே பழகலாம். நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னதில் வளையலும் இடது கையும் இருக்கின்றன, அவருடைய வேலை இல்லை. எத்தனை மணிக்கு வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்த நாளில் கூட்டம் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தைகளின் அழுகைக்கு நடுவே அவரால் உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியாது, அன்று போக வேண்டாம். கூட்டம் குறைந்த நேரத்தில், "சாப்பிட்டியா கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு டிபன் கேரியர் தேவையில்லை. மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் மருத்துவரைப் பார்க்க நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று சிஸ்டரிடமே கேட்டு, தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதவு சாத்தவில்லை அம்மா.

உங்கள் கடிதத்தில் இன்னொருவரும் வருகிறார். சிஸ்டரை "ஞாபகம் வைத்திருக்கிறார்", "எழுதுவார்" என்று எழுதிய நீங்கள், இவரை "ஒருத்தி வருகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வலராக அவர் இருக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருந்துதான் அவர்களை எடுத்தார்கள். உங்களுக்காக மாதாமாதம் இரண்டு மாடி ஏறி வருகிறார். சிஸ்டர் உங்களை ஐந்து நிமிடம் உட்கார வைத்தாரே, அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாடி ஏறி வரும் இவரையும் உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கலாமே. சிஸ்டருக்குப் பதிலாக இவர் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைக்க முடியாது. ஆனால் இவரோடு உங்கள் வீட்டிலேயே பழகலாம், பின்னால் வரிசையும் நிற்காது.

மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள், நடுவாரத்தில் நீங்களே கூப்பிடுங்கள். மூன்று வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கும் துக்கம் ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே, சாப்பிட்டுவிட்டு, எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "சிஸ்டர், போன தடவை நான் ரெண்டு நாள் சாப்பிடாம வந்தேன், கை நடுங்குச்சு" என்று சொல்லுங்கள். அன்றைக்கு "சூப்பர்மா" கிடைக்காது. திட்டுவார் என்றுதான் நினைக்கிறேன். திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.