டீச்சரிடம் கேளுங்கள்: அன்றாட வாசகங்களில் தெம்பு தேடுவது

அன்றாடத் திருப்பலி வாசகங்களை எப்படிப் படிப்பது, அதிலிருந்து அன்றைக்கான தெம்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் மறைக்கல்வியும் விவிலிய வகுப்பும் எடுப்பவள், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்காதீர்கள். ஒற்றை வசனத்தைக் காட்டி அர்த்தம் கேட்பவர்கள், அதற்கு முன்னால் பத்து வசனம், பின்னால் பத்து வசனம் படித்துவிட்டு வாருங்கள். இதை இன்னும் நிறைய தடவை சொல்லப்போகிறேன்.

கேள்வி: டீச்சர், தினமும் வாசகங்களைப் படிக்கிறேன். முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?

பதில்: பொதுக்காலத்தில் (கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம், கிறிஸ்மஸ் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் போக மீதி வாரங்கள்) வாரநாள் என்றால் சம்பந்தமே கிடையாது, நிம்மதியாக இருங்கள். பொதுக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகத்தை நற்செய்தியோடு பொருத்தித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் பொதுக்கால வாரநாட்களில் இரண்டும் தனித்தனித் தண்டவாளம். மறைநூலின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டது. 1969இல் வந்த புதிய வாசக ஒழுங்கு அதைத்தான் செய்தது. வாரநாள் நற்செய்தி வருடாவருடம் ஒன்றேதான்: முதல் 9 வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. முதல் வாசகம் மட்டும் இரண்டு ஆண்டுச் சுற்று.

அதனால் தொடர்கதை படிப்பது போல நேற்றையதிலிருந்து இன்றையதற்கு வாருங்கள். தெம்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு இடத்தைக் காட்டுகிறேன். 5ஆம் வாரம் சனிக்கிழமை மாற்கு 8இல் இயேசு நாலாயிரம் பேருக்கு உணவளிக்கிறார். 6ஆம் வாரம் செவ்வாய்க்கிழமை, அதே சீடர்கள் படகில் உட்கார்ந்துகொண்டு ‘நம்மிடம் அப்பம் இல்லையே’ என்று முனகுகிறார்கள், ஏழு கூடை மீந்ததைத் தங்கள் கையாலேயே எடுத்தவர்கள்! ‘இன்னுமா உங்களுக்குப் புரியவில்லை’ என்கிறார் இயேசு. மறுநாள் புதன், பெத்சாய்தாவில் பார்வையற்றவர். இயேசு முதலில் கை வைத்ததும் அவருக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். இரண்டாம் தடவை கை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. வியாழன், பேதுரு ‘நீர் மெசியா’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஏழெட்டு வரியில் ‘அப்பாலே போ சாத்தானே’ என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். புதன்கிழமை வாசகத்தை மட்டும் தனியாகப் படித்தால் அது ஒரு குணமளிக்கும் கதை. செவ்வாயோடும் வியாழனோடும் சேர்த்துப் படியுங்கள், பாதிப் பார்வையோடு நிற்கிற ஆளை இயேசு அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை என்பது புரியும். (தவக்காலம் சீக்கிரம் வருகிற வருடங்களில் இந்த வாரம் பாதியில் அறுந்துபோகும். அப்போது நீங்களே விவிலியத்தைத் திறந்து மிச்சத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: இப்போது எந்த ஆண்டு நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று. 3ஆல் மீதியில்லாமல் வகுபடும் வருடம் அதில் மூன்றாம் ஆண்டு, அதாவது லூக்கா நற்செய்தி. அடுத்தது மத்தேயு, அதற்கடுத்தது மாற்கு. வாரநாளுக்கு ஒற்றைப்படை வருடம் முதல் ஆண்டு, இரட்டைப்படை இரண்டாம் ஆண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, திருவருகைக்கால முதல் ஞாயிற்றில் தொடங்குகிறது. டிசம்பரில் கணக்குப் போடுபவர்கள் அடுத்த வருட எண்ணை எடுங்கள்.

கேள்வி: எரேமியா 29:11, ‘உங்கள் வளமான எதிர்காலத்துக்கான திட்டம் என்னிடம் உண்டு’ என்ற வசனம் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. வேலை தேடி மாதக்கணக்காகிறது. அந்த வசனத்தைப் பார்த்தாலே இப்போது எரிச்சல் வருகிறது. நம்பிக்கை குறைந்துவிட்டதா?

பதில்: நம்பிக்கை குறையவில்லை தம்பி, வசனத்தை வெட்டி அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். முந்தின வசனம், 29:10, என்ன சொல்கிறது? எழுபது ஆண்டு கழித்து. இது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று 5 முதல் 7 வரை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் 11க்கு வருகிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை.

அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் படியுங்கள், இரண்டாம் ஆண்டு 18ஆம் வாரம் திங்களன்று திருப்பலியில் வருகிறது. அனனியா என்று ஒரு இறைவாக்கினர், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரறியச் சொல்லி, பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். கேட்பதற்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! பொய் என்பதுதான் அதில் ஒரே குறை. உங்களுக்குக் காலையில் வருகிற படங்களில் பாதி அனனியா ரகம். ‘இது நீண்டுபோகலாம், அதுவரைக்கும் தோட்டம் போடு, நான் உன்னை மறக்கவில்லை’ என்கிற எரேமியாவின் கடிதம் வேலை தேடுகிற ஆளுக்கு அதைவிட உண்மையான ஆறுதல் என்பேன்.

கேள்வி: டிசம்பர் 17 நற்செய்தி வெறும் பெயர்ப் பட்டியல். அதில் என்ன தியானிப்பது?

பதில்: எனக்குப் பிடித்த வாசகம் மேல் கை வைத்துவிட்டீர்கள். மத்தேயு 1:1-17. வாசிப்பவர் திணறுவார், பீடச் சிறுவர்கள் கொட்டாவி விடுவார்கள், எல்லாம் தெரியும். அதில் மரியாவுக்கு முன்னால் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, பிறகு உரியாவின் மனைவி. நாலாமவளின் பெயர் பத்சேபா என்று மத்தேயுவுக்குத் தெரியாதா? தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டான் என்பதை மெசியாவின் தலைமுறைப் பட்டியலிலேயே எழுதிவைக்கிறார், மூடி மறைக்கவில்லை.

அடுத்து எக்கோனியாவைக் கவனியுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட அரசன் (அரசர்கள் நூலில் யோயாக்கின் என்று வருவான்). எரேமியா 22:30இல் ‘இவனைப் பிள்ளையற்றவன் என்று எழுதுங்கள், இவன் வழிமரபில் ஒருவனும் தாவீதின் அரியணையில் அமரமாட்டான்’ என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. முப்பத்தேழு வருடச் சிறைக்குப் பிறகு பாபிலோன் அரசன் அவனை விடுவித்து, சிறை உடையை மாற்றவைத்து, தன் பந்தியிலேயே உட்காரவைக்கிறான். அரசர்கள் இரண்டாம் நூல் அந்தக் காட்சியோடு முடிகிறது. பிறகு மத்தேயுவைத் திறந்தால் அந்த ‘பிள்ளையற்றவன்’ பெயர் இயேசுவின் முன்னோர் வரிசையில் நிற்கிறது. வெறும் பெயர்ப் பட்டியலா?

கேள்வி: இரவுப் பணி. வீட்டுக்கு வந்தால் இரண்டு நிமிடம்தான் கண் திறந்திருக்கும். எதைப் படிக்கட்டும்?

பதில்: பதிலுரைப் பாடலின், அதாவது முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் திருப்பாடலின், பல்லவியை மட்டும். ஒரே வரி, தூங்கும்வரை மனசுக்குள் ஓடட்டும். எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது, எனக்கோ அதுதான் வாசகங்களின் நடு முதுகெலும்பு. அப்புறம் உங்களுக்கென்றே ஒரு திருப்பாடல் இருக்கிறது, 134. மூன்றே வசனம், இரவில் ஆண்டவரின் இல்லத்தில் பணிசெய்து நிற்பவர்களுக்கானது.

கேள்வி: ஒரு வாரம் விட்டுப்போச்சு. எல்லாவற்றையும் பிடித்துவிட்டுத்தான் தொடரணுமா?

பதில்: வேண்டாம். இன்றையதைப் படியுங்கள்.

கேள்வி: அம்மா போய் சில வாரம்தான் ஆகிறது. வாசகத்தைத் திறந்தால் ‘ஆண்டவரில் மகிழுங்கள்’ என்று வருகிறது. படிக்கவே பிடிக்கவில்லை, படிக்காமல் இருந்தால் குற்ற உணர்வு. என்ன செய்ய?

பதில்: முதலில், படிக்காமல் இருந்தால் பாவம் ஒன்றும் இல்லை. அன்றாட வாசகத்தைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கட்டளை கிடையாது.

படிக்கத் தோன்றினால், உங்கள் நிலைமைக்கும் வாசகம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு 26ஆம் வாரம் செவ்வாயன்று யோபு 3ஆம் அதிகாரம், பிறந்த நாளையே சபிக்கிறார். சரி, அதற்குப் பதிலுரைப் பாடலாக ஆறுதலான ஒன்றைப் போட்டிருப்பார்கள் என்று பார்த்தால், திருப்பாடல் 88ஐ வைத்திருக்கிறார்கள். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பிவிடும். 88 திரும்புவதே இல்லை, இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று சபையின் பெயரால் அதைப் பாடுகிறார்கள், யாரும் குறுக்கே வந்து ‘அழாதே’ என்று சொல்வதில்லை. உங்களால் சொல்ல முடியாததை அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து சொல்கிறார்கள். இப்போதைக்கு அந்தப் பாடலே போதும், மகிழச் சொல்கிற வாசகம் அது பாட்டுக்குக் காத்திருக்கட்டும். தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய்விட்டது என்றால் மருத்துவரையும் பாருங்கள் அம்மா, செபமும் மருந்தும் எதிரிகள் இல்லை.

கேள்வி: நான் விவிலியத்தைக் கண்ணை மூடித் திறப்பேன், விரல் படுகிற வசனம்தான் அன்றைக்கு எனக்கு. ஆண்டவர் நேராகப் பேசுவார். இந்த அட்டவணை எல்லாம் எதற்கு டீச்சர்?

பதில்: எதற்கென்றால், உங்கள் விரலுக்கு ராசியான பக்கங்கள் இருக்கும். அடிக்கடி திறந்த இடம்தான் மறுபடியும் திறக்கும். அட்டவணை உங்களைக் கேட்டுக்கொண்டு வராது, நீங்கள் ஒருபோதும் தேடிப்போகாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

(அதே நபர்): புனித அகுஸ்தினார் அப்படித்தானே மனம் திரும்பினார்? தோட்டத்தில் ‘எடுத்து வாசி’ என்று குழந்தைக் குரல், திறந்தார், உரோமையர் 13. அவருக்குச் சரி, எனக்குத் தப்பா?

பதில்: இதை எதிர்பார்த்தேன். 386, மிலான், சரி. அவர் திறந்தது ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பவுலின் கடிதங்களை, எங்கிருந்தோ எடுத்த புத்தகத்தை அல்ல. அந்த நிமிடம் அவருக்கு ஞாபகம் வந்தது யார்? வனத்து அந்தோணியார். அவர் கோவிலுக்குள் நுழைந்தபோது அங்கே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த நற்செய்தியைக் கேட்டு, ‘உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு’ என்ற வார்த்தையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர். அதாவது அன்றைய வாசகம்! உங்கள் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறார். போதாததற்கு, அதே அகுஸ்தினார் யனுவாரியுசுக்கு எழுதிய 55ஆம் கடிதத்தில், நற்செய்திப் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்பது பேய்களிடம் போவதைவிடத் தேவலை, ஆனாலும் உலகக் காரியங்களுக்கு இறைவார்த்தையை அப்படிப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார்.

(இன்னொருவர்): அசிசி பிரான்சிஸ் மூன்று தடவை நற்செய்தி நூலைத் திறந்து பார்த்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: திறந்தார். மூன்று முறையும் கிடைத்தது ‘விற்றுவிடு, பயணத்துக்கு ஒன்றும் எடுக்காதே, உன்னையே மறுத்துவிடு’ என்கிற ரகம், அவர் அப்படியே செய்தார். உங்களுக்கு அது கிடைத்தால் செய்வீர்களா, அல்லது இன்னொரு பக்கம் திறப்பீர்களா? கிடைத்தது பிடிக்காமல் மறுபடியும் திறக்கிறவரைக்கும்தான் இது செபம்.

(முதல் நபர்): கடுமையாகப் பேசுகிறீர்கள். எனக்கு நிஜமாகவே பலமுறை சரியான வசனம் வந்திருக்கிறது.

பதில்: வந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆண்டவர் கழுதை வழியாகவும் பேசியிருக்கிறார், எண்ணிக்கை நூல் 22. அதற்காகத் தினமும் கழுதையைத் தேடிப் போக வேண்டாம் என்கிறேன். பக்கத்தைத் திறந்தீர்களா, சரி, முன்னால் பத்து, பின்னால் பத்து படியுங்கள். இதோடு இந்த வாதத்தை விடுகிறேன், காத்திருப்பவர்கள் நிறைய.

கேள்வி: ‘எனக்கு வலுவூட்டுகிறவரால் எதையும் செய்ய எனக்கு ஆற்றல் உண்டு’, பிலிப்பியர் 4:13. தேர்வுக்கு முன் சொல்லலாமா?

பதில்: 4:12 படியுங்கள். பவுல் சிறையிலிருந்து பசியைப் பற்றி எழுதுகிறார். படித்துவிட்டுச் சொல்லுங்கள், தாராளமாக. பாடத்தையும் படியுங்கள்.

கேள்வி: இன்றைய வாசகம் என்னிடம் எதுவும் பேசவில்லை டீச்சர்.

பதில்: இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் குவிந்து கிடக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில். பேசவில்லை என்றால் இன்னொரு தடவை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். 12ஆம் நூற்றாண்டில் கூய்கோ என்ற கார்த்தூசியத் துறவி வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைச் செபம் என்று நான்கு படி சொன்னார். நம்மில் முக்கால்வாசிப் பேர் முதல் படியில் கால் வைத்ததும் ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்கிறோம். அப்போதும் பேசவில்லையா, மூடிவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். நாளைக்கு இன்னொன்று வரும்.

கேள்வி: என் நண்பரின் விவிலியத்தில் தோபித்து நூலே இல்லை. 9ஆம் வார வாசகத்தை எங்கே படிப்பார்?

பதில்: கத்தோலிக்கப் பதிப்பில். நமக்கு 73 நூல்கள், அவருடைய சீர்திருத்தச் சபைப் பதிப்பில் 66. தோபித்து முதல் ஆண்டு 9ஆம் வாரம் முழுக்க வருகிறது, அருமையான குடும்பக் கதை, நாயும் உண்டு. உங்களுடையதைக் கடன் கொடுங்கள்.

கேள்வி: ஒரு பழைய பாவம் உறுத்துகிறது, எந்த வாசகத்தைத் திறந்தாலும் என்னைத் திட்டுவது போலவே இருக்கிறது.

பதில்: இது எனக்கானது இல்லை. ஃபாதரிடம் போங்கள், இந்த வாரமே.

கேள்வி: டீச்சர், இது எந்த ஆண்டு?

பதில்: மேலே இரண்டாவது கேள்வி. மிச்சம் இருக்கிறவற்றில் பாதி இதுதான் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.