நாற்பது வயதைத் தாண்டியவர், கோடை முழுவதும் சாலைச் சைக்கிள் பந்தயம் ஓடிக் களைத்த பிறகு, குளிர்காலத்தில் புல்லிலும் சேற்றிலும் நடக்கும் சைக்கிளோகிராஸிலும் இறங்குவது வீண் வேலையா?

இந்தக் கேள்விக்கு எழுதுவதில்லை என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தில், "ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் சேற்றில் போய் விழுவதால் என்ன கிடைத்துவிடப் போகிறது?" என்று ஒரு வரி இருக்கிறது. என் மைத்துனர் கடந்த ஓர் ஆண்டாக என்னிடம் கேட்டுவருவதும் ஏறக்குறைய அதே சொற்களில்தான் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் பிரித்தானியாவில் இருக்கிறீர்கள், முழுநேர வேலை பார்க்கிறீர்கள், தொடக்கநிலையினருக்கான நான்காம் பிரிவு உரிமத்தோடு வார நாள் மாலைப் பந்தயங்களில் ஓடுகிறீர்கள், ஓகஸ்ட் முடியும்போது சைக்கிளைப் பார்த்தாலே வெறுப்பு வருகிற நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாம் பிரிவுக்கு மேலே இருப்பவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உரியதன்று. உங்களுக்குச் சொல்லத்தக்க எதுவும் எனக்குத் தெரியாது. நான் பயிற்றுநரும் அல்லன், மருத்துவரும் அல்லன். இலண்டனின் மேற்கே ஹேய்ஸில் வசிக்கும் 44 வயதுக் கணக்காளன். இறங்குங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாமல் இருங்கள்.

என் கோடையைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். எங்கள் வீட்டிலிருந்து ஹில்லிங்டன் சைக்கிள் தடம் கால் மணி நேர ஓட்டம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்று, கார்கள் வராத தனித் தடம், மறைப்பில்லாத வெளி. காற்று அடித்தால் நேராக நெஞ்சில்தான் அடிக்கும். தெற்கே ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் வரிசையாகத் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் நான்காம் பிரிவுதான். 12 புள்ளி சேர்ந்தால் மூன்றாம் பிரிவு. அதற்கு மேலே இரண்டாம் பிரிவுக்கு ஒரு பருவத்தில் 40, முதலாம் பிரிவுக்கு 200 என்று ஏறிக்கொண்டே போகும், அந்த உயரங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது 12. மார்ச் மாதம் தொடங்கி, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, மனைவியின் இரவு வேலை, என் அலுவலகத்தின் மாத இறுதிக் கணக்கு ஆகியவற்றுக்கு இடையில் கிடைத்த மாலைகளில் எல்லாம் ஓடி, ஓகஸ்ட் நடுப்பகுதியில் 11 புள்ளி சேர்த்திருந்தேன்.

கடைசிப் பந்தயம். ஐம்பது பேர் அளவில் இருந்தோம். 2025 கோடை இந்த நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமான கோடை. தார் மாலையிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. "உனக்கென்ன, நீ இலங்கைக்காரன்" என்று ஒருவர் சொன்னார். இருபது ஆண்டுகளாகக் கணினிக்கு முன்னால் குளிரூட்டிய அறைகளில் இருப்பவன் எந்த நாட்டுக்காரன் என்பதை அவருக்கு விளக்க நேரமில்லை. கடைசிச் சுற்றின் மணி அடித்தபோது எட்டாவது இடத்தில் இருந்தேன். முதல் பத்துக்குள் முடித்தால் அந்த மிச்சப் புள்ளி கிடைத்துவிடும். அந்தக் கோடையில் நான் செய்த எல்லாவற்றிலும் அதுதான் மிகச் சரியாக அமைந்த இடம். கடைசி வளைவில் எனக்கு முன்னால் இருந்தவரின் முன்சில்லு பக்கத்தில் இருந்தவரின் பின்சில்லை உரசியது. "சர்ர்" என்று ஒரு சத்தம். யாரும் விழவில்லை. உரசியவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. ஆனால் என் வலக் கையின் இரண்டு விரல்கள், என்னைக் கேட்காமலே, பிறேக்கைப் பிடித்தன. அரைச் செக்கன் இருக்கும். அதற்குள் ஆறு பேர் இரண்டு பக்கமும் கடந்து போய்விட்டார்கள். முடிவுக் கோட்டுக்குப் போகும் நேர்பாதை இலேசான ஏற்றம். அங்கே விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிப்பது என் வயதுக் கால்களால் ஆகிற காரியமன்று. பதினான்காவதாக முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எத்தினை?" என்றாள். "பதினாலு" என்றேன். "அப்ப பன்ரண்டு தாண்டியிட்டுதுதானே, பிறகேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்றாள். பதினான்கு என்பது புள்ளியன்று, இடம் என்று விளக்க எனக்கு அன்றிரவு மனம் வரவில்லை.

இதை எல்லாம் எழுதுவது அனுதாபம் தேட அன்று. சாலைப் பந்தயத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பந்தயம் என்பது இரண்டு நிலைகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று, ஒரு மணி நேரம் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒளிந்திருந்துவிட்டு அரைச் செக்கனில் எல்லாவற்றையும் இழப்பது. மற்றது, கூட்டத்திலிருந்து கழன்றுபோவது. யூன் மாதம் சரேயில் திறந்த சாலையில் நடந்த ஒரு பந்தயத்தில் நாற்பதாவது கிலோமீற்றரில், ஒரு சிறிய மேட்டில், முன்னால் இருந்தவரின் சில்லுக்கும் என் சில்லுக்கும் இடையே ஒரு மீற்றர் இடைவெளி விழுந்தது. ஒரு மீற்றர்தான். கூட்டத்துக்குள் இருக்கும்போது மிச்சமாகிற உழைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அந்த ஒரு மீற்றருக்கு வெளியே வந்துவிட்டால் அதையும் சேர்த்து நீங்களே மிதிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பின்னால் வந்த நடுவரின் கார் என்னைக் கடந்து போனது. அதற்குப் பிறகு நான் பந்தய வீரன் அல்லன். முதுகில் எண் அட்டை குத்திக்கொண்டு, போக்குவரத்துச் சமிக்ஞைகளில் நின்று நின்று, தன் காரைத் தேடிப் போகும் ஒரு நடுத்தர வயது ஆள்.

சைக்கிளோகிராஸில் இது நடப்பதில்லை. அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரையான சுற்று; புல், சேறு, மணல், படிக்கட்டு, இறங்கி ஓட வேண்டிய செங்குத்து மேடு, 40 சென்ரிமீற்றர் வரை உயரமான பலகைத் தடைகள். சைக்கிள் பார்வைக்குச் சாலைச் சைக்கிள் போலவே இருக்கும். ரயர் மட்டும் புடைப்புகள் வைத்தது, சர்வதேசப் போட்டிகளில் 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் கூடாது. மேல்மட்ட ஆண்களுக்கு ஒரு மணி நேரம், எங்கள் வட்டார லீக்கில் நாற்பது தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ 40 நிமிடம். வேகம் குறைவு என்பதால் மற்றவரின் முதுகில் ஒளிவதில் பெரிய பயன் இல்லை. முதல் ஆள் உங்களைச் சுற்று கடந்து போனாலும் எங்கள் மட்டத்தில் யாரும் உங்களை வெளியே எடுப்பதில்லை. நாற்பதாவது இடத்தில் இருப்பவனுக்கும் முன்னால் முப்பத்தொன்பதாவது ஆள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருப்பான்.

சென்ற நவம்பரில் என் நான்காவது பந்தயம். எழுபது பேர் அளவில் நின்ற தொடக்க வரிசையில் கடைசியில் நின்றேன். முதல் சுற்றிலேயே பச்சைச் சட்டை போட்ட ஒரு முதியவர், அறுபதை நெருங்கியவராகத்தான் இருப்பார், எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். நேர்பாதையில் நான் அவரைக் கடப்பேன். பலகைத் தடையில் அவர் என்னைக் கடப்பார். அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வலக் காலைச் சீற்றுக்குப் பின்னால் வீசி எடுத்து, இடப் பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடி மூன்று மீற்றர் மிதந்து வந்து, வலக் கையால் மேல்குழாயான பாரைப் பிடித்து, தரையில் கால் படும்போதே ஓட்டத்தில் இருப்பார். நான் அதே இடத்தில் பிறேக்கைப் பிடித்து, நின்று, பஸ்ஸிலிருந்து மரக்கறிப் பையோடு இறங்குகிறவனைப் போல் இறங்குவேன். ஏறுவது இன்னும் மோசம். தாவி வலத் தொடையின் உட்புறத்தில் இறங்க வேண்டும், நேராக உட்காரக் கூடாது. நான் முதல் மாதம் நேராக உட்கார்ந்தேன். அதைப் பற்றி மேலும் எழுத வேண்டாம். 40 நிமிடமும் இப்படியே போய், கடைசி மேட்டில் அவர் வழுக்கியதால் இரண்டு மீற்றர் வித்தியாசத்தில் 43ஆவது இடத்தை நான் பிடித்தேன். ஹில்லிங்டனில் பதினான்காவதாக வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 43ஆவதாக வந்த அன்று, சேறு காய்ந்து இறுகிய முகத்தோடு அந்தப் பச்சைச் சட்டைக்காரரும் நானும் ஒரு வானின் பின்கதவில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிதித்து ஏற முடியாத வழுக்கல் என்பதால் சைக்கிளைத் தோளில் காவிக்கொண்டுதான் ஏற வேண்டும்: வலக் கையைக் கீழ்க்குழாய்க்கு அடியால் விட்டு ஹாண்டிலைப் பிடித்தால் பார் தோளில் உட்காரும். முதல் முறை அப்படித் தூக்கியபோது உடம்புக்கு அது புதிதாக இல்லை. 1993இல், எனக்குப் பன்னிரண்டு வயதில், கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தோம். போர் நடந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் எரிபொருள் கிடையாது, சைக்கிள்தான் எல்லாம். படகு கரைக்கு நெருங்கி வராது. இடுப்பளவு தண்ணீரில் அப்பா தன் றலிச் சைக்கிளைத் தோளில் காவிக்கொண்டு முன்னால் நடக்க, உப்புத் தண்ணீர் படாமல் பின்சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். இதை நான் பெருமையாகச் சொல்லப்போக மனைவி, "அப்ப வேற வழியில்லாமல் காவினது. இப்ப இருவது பவுண் குடுத்துக் காவுறியள்" என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இனி, பின்னூட்டத்தில் வரக்கூடியவர்களுக்கு. குளிர்காலத்தில் இப்படி ஓடினால் அடுத்த கோடைக்குக் கால் மிஞ்சாது என்று ஒருவர் எழுதுவார். 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலக சைக்கிளோகிராஸ் போட்டியை வென்ற ழான் ரோபிக், 1947இல் தூர் த பிரான்ஸ் என்ற பெரும் சாலைப் பந்தயத்தை வென்றவர். ரொம் பிட்கொக் 2022 ஜனவரியில் அமெரிக்காவில் உலக சைக்கிளோகிராஸ் பட்டத்தை வென்று, அதே ஆண்டு யூலையில் தூரில் அல்ப் துவேஸ் மலைக் கட்டத்தையும் வென்றார். மத்தியூ வான் டெர் போல் 2025 பெப்ரவரியில் தன் ஏழாவது உலகப் பட்டத்தை எடுத்துவிட்டு, மார்ச்சில் மிலான்–சான்ரெமோ, ஏப்பிரலில் பாரிஸ்–ரூபே ஆகிய பெரும் சாலைப் பந்தயங்களையும் வென்றார். அவர்களோடு என்னை ஒப்பிடுவதாக யாரும் எழுத வேண்டாம். அவர்களுக்குச் சேற்றுச் சைக்கிளைக் கழுவித் தர ஆள் இருக்கிறது, நான் தோட்டக் குழாயடியில் ஒரு வாளியோடும் பழைய பல் துலக்கியோடும் நிற்கிறவன். கால் கெடும் என்ற வாதத்துக்கு மட்டும்தான் அந்தப் பதில். என் சொந்தக் கணக்கில், திசெம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிற ஊரில், இருட்டுச் சாலையில் மூன்று மணி நேரம் ஓடுவதைவிட ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடம் நெஞ்சு வெடிக்க ஓடுவது என்னால் ஆகிற பயிற்சியாக இருக்கிறது. அடிபடாது என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஒரு மரவேரில் சறுக்கி விலா எலும்பில் அடிபட்டு மூன்று வாரம் தும்மப் பயந்திருந்தேன். ஆனால் புல்லில் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் விழுவதும், தாரில் நாற்பத்தைந்தில் விழுவதும் ஒன்றல்ல. இரண்டாவதன் தழும்பு என் முழங்கையில் இருக்கிறது.

செலவு உண்மைதான். சேறு அடைத்த சைக்கிளை மாற்றிக்கொள்ள இரண்டாவது சைக்கிளோடு வருகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நான் ஒற்றைச் சைக்கிளோடுதான் ஓடுகிறேன். பழையதாக வாங்கினால் போதும், ஆனால் ரயரில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். காற்றின் அளவைத்தான் சாலைக்காரர்கள் நம்பமாட்டார்கள். கோடையில் பம்பின் பீ.எஸ்.ஐ. அளவில் எழுபதுக்கு மேல் அடித்துப் பழகிய கை, இருபத்திரண்டில் நிறுத்தவே நிறுத்தாது. பெருவிரலால் அமுக்கினால் பிசைந்த மா போல் இறங்க வேண்டும்.

உண்மையான தடை வேறு இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். சைக்கிளோகிராஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. இலண்டனில் நம்மவர்களின் சாமத்தியச் சடங்கும் அறுபதாம் கல்யாணமும் பிறந்தநாளும் அதே ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. அழைப்பிதழில் காலை பத்து மணி என்று போட்டிருக்கும். நான் ஒரு பந்தயத்தைக் கைவிட்டுப் பத்துக்கே போய் நின்றால், மண்டபத்தில் பூ ஒட்டுகிறவர்களைத் தவிர ஈ காக்கை இராது. பன்னிரண்டரைக்குத்தான் சடங்கு தொடங்கும். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் போய், ஓடி, கழுவிக்கொண்டு வந்திருப்பேன். சென்ற அக்ரோபரில் ஒரு முறை உண்மையாகவே அப்படிச் செய்தேன். சடங்கு தொடங்கும் முன் வந்து சேர்ந்துவிட்டேன், காதுக்குள் இருந்த சேற்றை மட்டும் கவனிக்கவில்லை. மைத்துனரின் கேள்விகள் அன்றுதான் தொடங்கின.

இதை எழுதுவது செப்ரெம்பர் நடுப்பகுதி. இரண்டு வார ஓய்வு முடிந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, பூங்காவின் மூலையில், மகனின் கிரிக்கெற் ஸ்ரம்புகளின் மேல் ஒரு தும்புத்தடியைக் கிடையாக வைத்து, இறங்கவும் ஏறவும் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று இருட்டுவதற்குள் முப்பது முறை. அதில் ஆறு முறை நிற்காமல் இறங்கினேன், நான்கு முறை தும்புத்தடி விழுந்தது, மகன் எண்ணிச் சொன்னான். கோடையின் வெயிலில் நிலம் இன்னும் சட்டி போல் காய்ந்து கிடக்கிறது. வரும் ஞாயிறு முதல் பந்தயம். சனிக்கிழமை மழை என்கிறார்கள். சேற்று ரயரையும் காய்ந்த தரை ரயரையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். எந்தச் சில்லு எதற்கு என்று தெரியாமல் மனைவி இரண்டையும் ஒரே மூலைக்கு நகர்த்திவிட்டாள்.