எண்ணியவருக்கே கணக்கு சொந்தமா?

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகளும் சால்மன் தரவும்

கே: அமெரிக்காவில் மாநில மீன்வளத் துறை இருக்கிறது, மத்தியத் துறை இருக்கிறது. பழங்குடிகள் தனியாக மீன் எண்ணுவது எதற்கு? இரட்டை வேலை இல்லையா?
— வாசகர், மதுரை

ப: மீனில் அவர்களுக்குச் சட்டப்படி பங்கு இருக்கிறது. பங்காளி கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? 1855-ல், அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆற்றுப் பகுதியில் வாழும் யாகமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்கள் நிலத்தைக் கொடுத்துச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், வழக்கமாக மீன்பிடித்த இடங்களிலெல்லாம் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை விட்டுத்தரவில்லை. அது ‘நியாயமான பங்கு’ என்று 1969-ல் நீதிபதி பெலோனி தீர்ப்பளித்தார். 1974-ல் நீதிபதி போல்ட் வாஷிங்டன் மாநில வழக்கில், பிடிக்கத் தக்க மீனில் பாதி வரை என்றார். பாதி என்று வந்துவிட்டால் ‘எதில் பாதி?’ என்ற கேள்வி கூடவே வரும். 1977-ல் நான்கு பழங்குடிகளும் சேர்ந்து கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தார்கள்.

கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் சால்மன் அணையைத் தாண்ட, கொலம்பியாவின் பான்வில் அணையில் மீன் ஏணி உண்டு. அங்கே 1938 முதல் எண்ணிக்கை நடக்கிறது. ஆனால் அணையைத் தாண்டிய மீன் எந்தக் கிளையாற்றுக்குப் போய் முட்டையிட்டது என்று அந்த எண் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஓடையில் இறங்கி நடக்க வேண்டும். பல ஓடைகளில் நடப்பவர்கள் பழங்குடித் துறைகளின் பணியாளர்கள்தான்.

கே: மீன்வளம் படிக்கும் மாணவி நான். களத்தில் எதை எழுதுகிறார்கள்? பிழை எங்கே நுழைகிறது?
— வாசகி, தூத்துக்குடி

ப: மூன்று வேலைகளைப் பார்ப்போம்.

முதலாவது முட்டைக் குழிக் கணக்கு. பெண் சால்மன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மூடும். பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளுத்த திட்டாகத் தெரியும். மேலோட்டப் பக்கம் பள்ளம், கீழோட்டப் பக்கம் மேடு. போலரைஸ்டு கண்ணாடி இல்லாவிட்டால் நீரின் பளபளப்பில் பாதி கண்ணுக்கே தப்பும். புதுக் குழி ஒவ்வொன்றுக்கும் நேரே கரையில் எண்ணும் தேதியும் எழுதிய பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி, ஜிபிஎஸ் புள்ளி எடுப்பார்கள். ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடி அதே நடை. நாடா இருந்தால் பழசு, இல்லாவிட்டால் புதுசு. இங்கே நுழையும் பிழைகள் இரண்டு. மீன் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட பள்ளத்தையும் குழியாக எண்ணிவிடுவது ஒன்று. இடைவெளி நீண்டு, முதலில் தோண்டிய குழியில் பாசி ஏறிக் காணாமல் போவது மற்றொன்று.

இரண்டாவது, முட்டையிட்டு இறந்த மீனின் உடல். மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை நீளம், ஆணா பெண்ணா, வயிற்றில் முட்டை மிச்சம் எவ்வளவு, முதுகின் கடைசியில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பு உண்டா இல்லையா, வயதுக்குச் செதில், மரபணுவுக்கு ஒரு துணுக்குச் சதை. எல்லாம் எடுத்தபின் வாலை வெட்டிவிட்டு ஆற்றிலேயே போடுவார்கள். வால் இல்லாத உடல் ஏற்கெனவே கணக்கில் வந்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரியும். வெட்ட மறந்தால் அதே மீன் அடுத்த வாரத் தாளிலும் ஏறும். குழி தோண்டியே வால் தேய்ந்துவிடுவதால் முட்டையிட்ட பெண் மீன்களில் கவை வரை அளவு தவறும். அதனால் நடுக்கண்ணிலிருந்து முதுகெலும்பின் கடைசித் தகடு வரையும் ஓர் அளவு எடுப்பது வழக்கம். எந்த அளவு என்று எழுதாமல் வெறும் ‘நீளம் 720’ என்று எழுதிய தாள் பிறகு எதற்கும் உதவாது.

மூன்றாவது ஸ்க்ரூ டிராப் என்னும் மிதக்கும் பொறி. இரண்டு மிதவைகளுக்கு நடுவே 1.5 அல்லது 2.4 மீட்டர் வாயுள்ள கூம்பு, பாதி நீருக்குள். ஓட்டம் அதைச் சுழற்ற, கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் பின்னாலுள்ள பெட்டியில் சேரும். எல்லாக் குஞ்சும் சிக்காது. அதனால் சிலவற்றுக்கு அடையாளமிட்டு மேலோட்டத்தில் விடுவார்கள். 150 விட்டு 30 திரும்பச் சிக்கினால் பொறியின் திறன் ஐந்தில் ஒன்று. அடையாளமில்லாத 1,200 பிடித்திருந்தால் ஆற்றில் இறங்கியவை சுமார் 6,000. சிறு எண்ணிக்கைக்கான திருத்தத்தோடு (விட்டதோடும் திரும்பச் சிக்கியதோடும் ஒன்று கூட்டி) 1,200 × 151 ÷ 31, அதாவது 5,845. திரும்பச் சிக்கிய 30-ஐயும் புது மீனாக எண்ணி 1,230 என்று போட்டால் கணக்கு முழுவதும் உப்பும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு: வெறும் கட்டம். வெள்ளத்தில் மரக்கட்டை வந்து கூம்பு நின்ற நாளும், சுழன்றும் மீனே வராத நாளும் ஒன்றல்ல. முதலாவது வெற்று, இரண்டாவது பூஜ்யம். காட்டுத் தீயால் சாலை மூடி ஓடைக்குப் போகவே முடியாத ஆகஸ்ட் வாரத்துக்கு யாரோ ஒருவர் ‘0’ போட்டால், பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவர் அந்த ஆண்டு மீன் அழிந்தது என்பார். ‘வேலை நடந்ததா?’ என்று தனிக் கட்டமும், இல்லை என்றால் காரணத்துக்கு ஒரு கட்டமும் படிவத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கே: எக்செல் போதாதா? இதற்கு எதற்குத் தனி மென்பொருள்?
— வாசகர், கோவை

ப: ஒரு ஓடை, ஒரு வருஷம், ஒரே ஆள் என்றால் போதும். மற்றபடி போதாது. குஞ்சுகளின் வயிற்றில் ஊசியால் செலுத்தும் 12 மில்லிமீட்டர் அடையாளச் சில்லான பிட் டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மணி அளவு, பேட்டரி கிடையாது. அணையிலும் ஆற்றிலும் உள்ள ஆன்டெனா அருகே வரும்போது தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் பதின்ம வடிவில் எழுதினால் 15 இலக்கம். எக்செல் அதை 9.85E+14 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போயிற்று. அந்தப் பத்தி எழுத்து வகையாக இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

நேரமும் வம்பு செய்யும். நெஸ் பெர்ஸ் மக்களின் தலைமையிடமான லாப்வாய் பசிபிக் நேரத்தில் இருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் ஜான்சன் க்ரீக் தெற்கே மவுண்டன் நேரத்தில். ஒரே துறை, ஒரு மணி நேர வித்தியாசம். ஜிபிஎஸ்ஸிலும் இதே கதை: பழைய வரைபடங்களின் நாட்27 என்ற அளவு அடிப்படையில் எடுத்த புள்ளியை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று நினைத்து வைத்தால், அந்த வட்டாரத்தில் குழி சுமார் 100 மீட்டர் நகர்ந்து ஆற்றை விட்டே வெளியே, மலைச் சரிவில் போய் உட்காரும்.

உமட்டில்லா மக்கள் தங்களுக்கென்று ஒரு மையத் தரவு அமைப்பை உருவாக்கினார்கள். நெஸ் பெர்ஸ் துறையும் அதை எடுத்துக்கொண்டது. எந்த அமைப்பானாலும் நடைமுறை இதுதான். களத்தில் டேப்லெட்டில் தேர்வுப் பட்டியலோடு படிவம். ஓடைப் பெயரைக் கையால் தட்டச்சு செய்ய விடக்கூடாது, விட்டால் ஒரே ஓடை நான்கு எழுத்துக்கூட்டலில் வரும். சார்ஜ் தீர்ந்த நாளுக்காக நனையாத தாள் பையில் இருக்கட்டும். அன்று மாலையே நகல் எடுப்பது. ஒரு வாரத்துக்குள், எழுதாத இன்னொருவர் சரிபார்ப்பது. தாமதித்தால் எழுதியவருக்கே நினைவிருக்காது. மூலப் பதிவைப் பூட்டிவிடுவது. திருத்தம் வேண்டுமானால் யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு தனி வரியாக. பழையதை அழித்து எழுதுவது கூடவே கூடாது.

கே: பகிர்வது என்றால் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதுதானே?
— வாசகர், சேலம்

ப: கோப்பு போகும், பொருள் போகாது. 100 முட்டைக் குழிகளை ஒருவர் குழிக்கு 2 மீன் என்று பெருக்கி 200 என்பார், மற்றவர் 2.4 என்று பெருக்கி 240 என்பார். இருவரும் ‘முட்டையிட்ட மீன்’ என்றே தலைப்புப் போடுவார்கள். அந்த வட்டாரத்தின் மீன் தரவுத் திட்டமான ஸ்ட்ரீம்நெட் வழியாக மாநிலங்களும் பழங்குடிகளும் ஒப்புக்கொண்ட பொதுத் தர வடிவம் இதைத் தடுப்பதற்குத்தான்: இயற்கையாகப் பிறந்து முட்டையிட வந்த மீன், கடலுக்கு இறங்கியதில் திரும்பி வந்த விகிதம், முட்டையிட்ட மீன் ஒன்றுக்கு அடுத்த தலைமுறையில் வந்தவை என்று சில குறியீடுகள், ஒவ்வொன்றோடும் எந்த முறை, எந்த எல்லை, பிழை வரம்பு எவ்வளவு என்ற குறிப்பு.

இதில் பழங்குடித் துறையே கணக்குப் போட வேண்டியதற்கு நல்ல உதாரணம் கொழுப்புத் துடுப்பு. பொரிப்பகத்தில் வளர்த்த மீனுக்கு அதை வெட்டி விடுவது பொது வழக்கம். ஆனால் ஆற்றின் இனத்தைப் பெருக்கவே விடும் சில திட்டங்களில் வெட்டாமல் விடுகிறார்கள். இது தெரியாத வெளியாள், துடுப்பு இருப்பதெல்லாம் இயற்கை மீன் என்று கூட்டுவார். காட்டு மீன் செழித்துவிட்டதாகக் காகிதம் சொல்லும். மூக்கில் பொரிப்பகம் செலுத்திய அடையாளக் கம்பித் துணுக்கு இருக்கிறதா, மரபணுவில் பெற்றோர் பொரிப்பகத்தவரா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். எந்த ஆண்டு எந்தக் கூட்டத்துக்கு வெட்டவில்லை என்பது விட்டவருக்குத்தான் தெரியும்.

கே: எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அவர்களுக்கே எதிராகத் திரும்பாதா?
— வாசகி, சென்னை

ப: திரும்பும். ஒரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்று நீர் பற்றி அங்குள்ள பழங்குடிகள் மத்திய உள்துறைக்கு அனுப்பிய ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி வெளியிட வேண்டும் என்று 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அலுவலகத்தின் கைக்குப் போனது நம் பெட்டியில் பூட்டி இருப்பதாக எண்ணக் கூடாது. ஆகவே அனுப்புவதற்கு முன்பே பிரிக்க வேண்டும். ஆண்டு மொத்தமும் குறியீடுகளும் பொதுவில். குழிவாரியான ஜிபிஎஸ் புள்ளி கேட்டுப் பெறுபவருக்கு மட்டும், எழுத்து ஒப்பந்தத்தோடு. மூதாதையர் இடங்கள், சடங்குக்கான மீன்பிடி இடம், குடும்பத்துக்கென்ற மீன்பிடி மேடை ஆகியவை தரவுத்தளத்தின் பகிரும் பகுதியில் ஏறவே கூடாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? எதற்குப் பயன்படுத்துவது, மூன்றாமவருக்குக் கொடுக்கலாமா, வெளியிடுமுன் யாருக்குக் காட்டுவது, எந்தத் தேதி வரை. பழங்குடித் தரவை ஆள்வது பற்றி 2019-ல் வெளிவந்த கேர் கோட்பாடுகள் கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என்று நான்கு சொல்கின்றன. பணியாளருக்கு எது எது போகலாம் என்று அரைப் பக்கப் பட்டியல் கையில் இல்லாவிட்டால், அந்த நான்கும் சுவரில் மாட்டிய படம்தான்.

கே: சின்னத் துறை ஒன்று எதிலிருந்து தொடங்குவது?
— வாசகர், நாகர்கோவில்

ப: ஓர் ஆளிலிருந்து. கருவிக்கும் மென்பொருளுக்கும் கேட்டால் பணம் வரும். தரவுக்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இல்லாததால்தான் பல முயற்சிகள் நின்றுபோகின்றன. உயிரியலாளரிடம் ‘இதையும் பார்த்துக்கொள்’ என்றால், குழிகள் தெரியும் பருவத்தில் அவர் ஆற்றில் இருப்பார். தரவு பெட்டியில் இருக்கும். அந்த ஆள் முதல் ஆண்டில் எல்லாவற்றையும் ஏற்ற முயலக்கூடாது. ஒரே ஓடையின் குழிக் கணக்கு, அதுவும் எழுதியவர்கள் இன்னும் வேலையில் இருக்கும் ஆண்டுகள் முதலில். ஓய்வுபெறப் போகும் களப்பணியாளர் இருந்தால் அவருடைய நோட்டுப் புத்தகங்களை அதற்கும் முன்னால் ஸ்கேன் செய்து, அவரை அருகில் உட்காரவைத்து, ‘மேல் பாலம்’ என்று அவர் எழுதியிருப்பது எந்தப் பாலம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.