நுரையீரல் நீர்க்குழாய்: திடீரென்று நீர் வரவில்லை என்றால்

நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரை வீட்டிலேயே பாட்டிலில் வடிக்க நெஞ்சில் வைத்திருக்கும் குழாயில் திடீரென்று வரத்து குறைந்தால், நீர் வற்றிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் 400 மில்லி வந்த அப்பாவுக்கு நேற்று வெறும் 30 மில்லி, ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். நிஜமாகவே வற்றியிருந்தால் மூச்சு லேசாகியிருக்க வேண்டும். குழாய்க்குள் ஃபைப்ரின் (நீரிலுள்ள புரதம் உறைந்து உண்டாகும்) இழை அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். என் மாமியாருக்கும் இப்படித்தான். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி ஒரு துணுக்கு.

1. முதலில் பாட்டில். நீரை உறிஞ்சி இழுக்க அதற்குள் இருக்கும் வெற்றிடம் போயிருந்தால் நல்ல குழாயிலும் நீர் இழுக்காது. புதிதாக ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

2. கட்டுக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அப்பாவைக் கொஞ்சம் சாய்ந்து உட்காரச் சொல்லி, இருமச் சொல்லுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? ஸ்கேன்தான் சொல்லும். சில சமயம் நீர் உள்ளேயே அறை அறையாகப் பிரிந்து நின்றுவிடும். அடைப்பு என்றால் சலைனோ, இழையைக் கரைக்கும் மருந்தோ விட்டு மருத்துவர் திறப்பார். வீட்டில் சிரிஞ்சு வைத்துத் தள்ளவே கூடாது, குழாய் முனையிலுள்ள வால்வுக்குள் எதையும் நுழைக்கவும் கூடாது.

திறந்ததும் ஆசையாக மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். பொதுவாக ஒரு தடவைக்கு 1000 மில்லிதான் உச்சம். நெஞ்சு வலித்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

காய்ச்சல், குழாயைச் சுற்றிச் சிவப்பு, கலங்கிய நீர், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல்: இதில் எது இருந்தாலும் திங்கட்கிழமை ஓபி வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.