துளி அட்ரினலின் கல்லீரலில் இவ்வளவு குளுக்கோஸை விடுவிப்பது எப்படி?

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. சவ்விலுள்ள பீட்டா ஏற்பியில் ஒட்டுகிறது. வடிவம் மாறிய ஏற்பி, உட்புறமுள்ள ஜி-புரதங்களை (செய்தியை உள்ளே கடத்தும் புரதங்கள்) ஒன்றன்பின் ஒன்றாக முடுக்குகிறது. முதல் பெருக்கம் இதுதான்.

எல்லாப் படியிலும் எண்ணிக்கை பெருகுவதாகப் பாடப்புத்தகப் படங்கள் காட்டும். அது சரியல்ல. ஒரு ஜி-புரதம் ஒரேயொரு அடினைலைல் சைக்ளேஸைத்தான் இயக்கும். அந்த நொதிதான் ஏடிபியிலிருந்து சுழல் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறை மளமளவென்று உண்டாக்குகிறது. அடுத்த படியிலோ இழப்பு: நான்கு சுழல் ஏஎம்பி சேர்ந்தால்தான் புரத கைனேஸ்-ஏ-யின் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) இரண்டு வினையூக்கிப் பகுதிகள் விடுபடும். பிறகு மீண்டும் பெருக்கம்: அவை பாஸ்பாரிலேஸ் கைனேஸ்களையும், அவை கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ்களையும் தூண்ட, சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸ்-1-பாஸ்பேட் கழன்று விழுகிறது; அதுவே பிறகு குளுக்கோஸாகிறது. ஆக, பெருக்குவது நொதிவினை. வெறும் பிணைப்பு பெருக்காது.

அணைப்பதும் அதே அளவு முக்கியம். ஜி-புரதம் தன்னிடமுள்ள ஜிடிபியை (குவானோசின் ட்ரைபாஸ்பேட்) சிதைத்துத் தானே அணையும். பாஸ்போடைஎஸ்டரேஸ் சுழல் ஏஎம்பியை உடைக்கும். பாஸ்பட்டேஸ்கள் ஒட்டிய பாஸ்பேட்டுகளை நீக்கும். இதில் முதலாவதைத்தான் குடல் செல்களில் காலரா நச்சு முடக்குகிறது. சுழல் ஏஎம்பி குறையாமல் நிற்க, குளோரைடு வெளியேற, தண்ணீரும் பின்தொடர்கிறது. கடும் வயிற்றுப்போக்கின் காரணம் அதுவே. சோடியம்-குளுக்கோஸ் கடத்தியை நச்சு தொடுவதில்லை என்பதால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் அப்போதும் உறிஞ்சப்படுகிறது.