மைக்ரோஸ்பைக்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? வாசகர் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினாலே பனிமலைக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை காலில் மாட்டும் முள்ளைப் பற்றியவை. மைக்ரோஸ்பைக் என்பது ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டும் ரப்பர் பட்டை, அதன் அடியில் சங்கிலியும் சின்ன இரும்பு முள்ளும் இருக்கும். அவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியில் நண்பர்கள் ஐந்து பேர் கேதார்காந்தா போகிறோம். யாரும் இதுவரை பனியில் நடந்ததில்லை. மைக்ரோஸ்பைக்கை இங்கேயே வாங்கிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? (சேலம்)

முதல் வேலையாக, உங்களை அழைத்துப் போகும் நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள். பல நிறுவனங்கள் மைக்ரோஸ்பைக்கையும் கெய்ட்டரையும் (ஷூவுக்குள் பனி புகாமல் முழங்காலுக்குக் கீழே மாட்டும் உறை) கட்டணத்திலேயே சேர்த்துத் தந்துவிடுகின்றன. அதைக் கேட்காமல் கடையில் தனியாகப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

அவர்கள் தரவில்லை என்றால் உங்களுக்கு வாடகைதான் சரி. உத்தரகாண்டிலுள்ள கேதார்காந்தாவின் உச்சி சுமார் 12,500 அடி. நடக்கும் நாட்கள் நான்கோ ஐந்தோ இருந்தாலும், முள்ளுக்கு உண்மையான வேலை பெரும்பாலும் உச்சிக்கு ஏறும் அன்றுதான். அன்று விடிகாலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டியிருக்கும். முந்தைய நாள் வெயிலில் இளகி, நூறு பேர் மிதித்து அமுங்கிய பனி ராத்திரிக் குளிரில் ஐஸாக இறுகிக் கிடக்கும். டார்ச் வெளிச்சத்தில் அதன்மேல் வெறும் ஷூவோடு ஏறுவது வேண்டாத வேலை. அதுவே புதுப் பனி கொட்டி முழங்கால் வரை புதைகிற நாளாக இருந்தால், முள் இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. அப்போது கெய்ட்டர்தான் காப்பாற்றும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். கடைக்காரர் ஒரே ஒரு நாளுக்குத் தரமாட்டார், போய்த் திரும்பும் மொத்த நாளுக்கும் வாடகை உண்டு. நாளுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஐந்து நாளைக்கு 500. இணையத்தில் மலிவு ரகம் ஒரு ஜோடி ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ஆக, இரண்டாவது பயணத்திலேயே வாடகையும் விலையும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஐந்து பேரில் யாருக்கு மலைப் பித்து பிடிக்கிறதோ அவர் திரும்பி வந்தபிறகு வாங்கிக்கொள்ளட்டும். மற்ற நாலு பேருக்கு அது பரணில் தூங்கும்.

வாடகையில் நான் பயப்படுவது காசுக்காக இல்லை, அவசரத்துக்காக. டேராடூனிலிருந்து, நடை தொடங்கும் ஊரான சாங்க்ரி சுமார் 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு முழுப் பகல். எல்லா வண்டியும் சாயங்காலம் ஒரே நேரத்தில் வந்து சேரும், கடை வாசலில் கூட்டம் நெருக்கும். கையில் கொடுத்ததை வாங்கிப் பையில் திணித்துவிட்டு, உச்சி நாள் அதிகாலையில்தான் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்று எம், மற்றொன்று எக்ஸ்எல் என்று இருக்கும்.

அதனால் கடையிலேயே நின்று பாருங்கள். ரப்பர் பட்டையில் சங்கிலி கோர்த்திருக்கும் ஓட்டைகள்தான் முதலில் பிய்யும் இடம். இரண்டு கட்டைவிரலாலும் ஓட்டையின் இரு பக்கமும் இழுத்து, செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் வாய் திறந்தாலும் வேறு ஜோடி கேளுங்கள். அடுத்து சங்கிலி. ஒவ்வொரு வளையமும் முழுசாக மூடியிருக்க வேண்டும், ஏதாவது ஒன்று லேசாக விரிந்திருந்தால் அது பாதி வழியில் கழன்றுவிடும். முள் முனை மழுங்கி உருண்டிருந்தால் அந்த ஜோடி பாறையில் நிறைய நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஏற்கனவே இருக்கும் சேதத்தைப் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கும் காட்டிவிடுங்கள். அடமானமாக ஆதார் அட்டையின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பணமாக டெபாசிட் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

என் கால் சின்னது, ஷூ அளவு 4. போன வருடம் வாடகைக்கு எடுத்த ஸ்பைக் நடக்க நடக்கப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருந்தது. கட்டிக்கொள்ள ஏதாவது வழி உண்டா? (திருச்சி)

கட்டிச் சமாளிக்காதீர்கள் அம்மா, சொந்தமாக வாங்கிவிடுங்கள். வாடகைக் கடைகளில் அதிகமும் எம், எல் அளவுதான் புரளும். பெண்களும் பிள்ளைகளும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தொளதொளவென்ற முள், முள்ளே இல்லாததைவிட ஆபத்து. பிடிக்கும் என்று நம்பி எடை போடுவீர்கள், அது காலடியில் உருண்டுவிடும்.

வாங்கும்போது பாதத்தின் அளவைப் பார்க்காமல், மலையில் போடப்போகும் ஷூவின் வெளி அளவைப் பாருங்கள். தடித்த பனி பூட்டுக்கு ஒரு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். மாட்டியபிறகு படிக்கட்டு விளிம்பில் நுனிக்காலால் இரண்டு உதை, குதிகாலால் இரண்டு உதை. சங்கிலி நகராமல் விறைப்பாக நின்று, ரப்பர் குதிகாலுக்குப் பின்னால் நன்றாக மேலேறிப் பிடித்திருந்தால் அதுதான் உங்கள் அளவு. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஓசூரிலிருந்து கேட்டவருக்கும் இதே பதில்தான்.

இணையத்தில் 19 முள், 24 முள் என்று மலிவாகப் போட்டிருக்கிறார்கள். பெயர் பெற்ற பிராண்டில் 12 முள்தான் இருக்கிறது, விலையோ பல மடங்கு. ஏமாற்று வேலையா? (மதுரை)

முள்ளை எண்ணிப் பிடிமானத்தை அளக்க முடியாது. நீங்கள் சொல்லும் பெயர் பெற்ற பிராண்டான கடூலாவின் மைக்ரோஸ்பைக்ஸில் காலுக்கு 12 முள், நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் எடை அந்த 12 முனைகளில் இறங்கி ஐஸைக் குத்துகிறது. விலை வித்தியாசம் பெரும்பாலும் ரப்பரிலும் இரும்பிலும் இருக்கிறது. மட்டமான ரப்பர் குளிரில் விறைத்து, இழுத்தால் கிழியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்பைக்கை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் போடுங்கள், அங்கே ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி. காலையில் எடுத்த கையோடு ஷூவில் மாட்டுங்கள். முனகாமல் நீண்டு உட்கார்ந்தால், வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு மலிவு ரகமே போதும். கம்பிச் சுருள் சுற்றிய வகை ஒன்றும் விற்கிறார்கள். அது உறைந்த நடைபாதைக்கானது, மலைச் சரிவுக்கு ஆகாது.

அடுத்த வருடம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏறலாம் என்று இருக்கிறேன். கிராம்பான் வாங்கிப் பழகட்டுமா? (பெங்களூரு)

வேண்டாம். அது மணாலிப் பக்கத்து 5,289 மீட்டர் சிகரம், அங்கே முழுக் கிராம்பானும் (பூட்டின் அடியில் பூட்டும், நீண்ட முள் வைத்த இரும்புச் சட்டம்) ஐஸ் ஆக்ஸும் (பனியில் குத்திப் பிடிக்கும் கைக்கோடாரி) தேவை என்பது உண்மைதான். ஆனால் கிராம்பானைத் தனியாக வாங்கி ஒன்றும் ஆகாது. அது பூட்டோடு சேர்ந்தால்தான் கருவி. அடி வளைகிற சாதாரண ட்ரெக்கிங் ஷூவில் மாட்டினால் நடக்கும்போது கழன்று விழும், இல்லையென்றால் கிராம்பானே உடையும். அதனால் விறைப்பான பூட்டையும் கிராம்பானையும் ஒரே இடத்தில், ஒன்றாக, வாடகைக்கு எடுங்கள். பட்டையைக் கட்டாமலே பூட்டைத் தூக்கி உதறிப் பாருங்கள். கிராம்பான் விழாமல் நின்றால் அளவு சரி. அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ரப்பர் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழக வேண்டுமென்றால் உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியிலுள்ள அரசு நிறுவனம் இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு, சுமார் நான்கு வாரம். கருவிகளை அவர்களே தருவார்கள். விழுந்தால் ஐஸ் ஆக்ஸைக் குத்தி நிறுத்துவது எப்படி என்று அங்கே உருண்டு உருண்டு கற்கலாம். அந்தப் பணத்தில் கிராம்பான் வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இந்தக் குளிர்காலம் மவுண்ட் வாஷிங்டன் போக ஆசை. ஸ்பைக், கிராம்பான், ஸ்னோஷூ என்று பட்டியல் நீள்கிறது. எதை வாங்க, எதை வாடகைக்கு எடுக்க?

உங்கள் நிலைமையே வேறு. குளிர்காலத்தில் அடிக்கடி வாசலிலேயே ஐஸ். மைக்ரோஸ்பைக்கை யோசிக்காமல் வாங்குங்கள், மலைக்குப் போகாத வாரமும் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் பயன்படும். ஸ்னோஷூவை (பனியில் புதையாமல் நடக்க ஷூவின் அடியில் கட்டும் அகலத் தட்டு) முதல் வருடம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பிடித்தால் குளிர்காலம் முடிந்து தள்ளுபடி போடும்போது வாங்கலாம். பக்கத்து நியூயார்க் மாநிலத்தில் அடிரண்டாக் ஹை பீக்ஸ் பகுதிக்குப் போனால் அது விருப்பம் சார்ந்ததுகூட இல்லை. 8 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ காலில் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. வெறும் பூட்டோடு நடப்பவர் பாதை முழுக்கக் குழி போட்டுவிட்டுப் போவார், அது இறுகியதும் பின்னால் வருகிறவரின் கணுக்கால் போகும்.

கிராம்பான், பூட், ஐஸ் ஆக்ஸ் மூன்றும் வாடகை. மலைக்குப் பக்கத்திலுள்ள நார்த் கான்வே ஊர்க் கடைகளில் கிடைக்கும்.

மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடிதான், ஊட்டியைவிடத் தாழ்வு. அந்த எண்ணை வைத்து எடை போடாதீர்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று அளக்கப்பட்டது. மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தைத் தாண்டினால் காற்று பனியை அடித்துக்கொண்டுபோய், கெட்டி ஐஸை மட்டும் விட்டுவைக்கும். உச்சிக்குப் போகும் லயன் ஹெட் குளிர்காலப் பாதையின் செங்குத்தில் மைக்ரோஸ்பைக் போதவே போதாது. முதல் முறை வழிகாட்டியோடு போங்கள், இல்லையென்றால் அடிவாரப் பிங்க்ஹாம் நாட்ச் பக்கப் பாதைகளோடு திரும்பிவிடுங்கள்.

வெள்ளியங்கிரியில் வழுக்குப் பாறை ஏற மைக்ரோஸ்பைக் உதவுமா? (பொள்ளாச்சி)

உதவாது. வெறும் பாறையில் இரும்பு சறுக்கும், முள்ளும் மழுங்கும். அங்கே காலங்காலமாக எல்லோரும் பிடித்துப் போகிற மூங்கில் தடியே போதும்.

சொந்தமாக வாங்கிவிட்டேன். சென்னையில் எப்படி வைத்துக்கொள்வது?

பரணிலும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள், வெக்கையில் ரப்பர் வெடித்துவிடும். ஊருக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, துணிப்பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். கடலோர ஈரக்காற்றில் மலிவு ரகச் சங்கிலி சீக்கிரமே துருப்பிடிக்கும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். கிராம்பான் முனை மழுங்கினால் கை அரத்தால் ராவிக் கூர் தீட்டலாம். பட்டறையில் கொடுத்துச் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள், சூடேறினால் எஃகின் பதம் போய்விடும்.

விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா? (கோவை)

செக்-இன் பையில் போடுங்கள், கேபின் பையில் வேண்டாம். முள்ளும் முள்ளும் உள்பக்கம் பார்க்கும்படி மடக்கி, பழைய துண்டில் சுற்றி, பையின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் ஜாக்கெட்டைக் கிழிக்கும். இரண்டு பிளாஸ்டிக் டையும் கூடப் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் வளையம் விட்டுப்போனால் இறங்கும்வரை தாங்கும்.